கழற்றாத சட்டை

தொலைக்காட்சியில் வரும் ஆய்வுகூடங்களில் எப்போதும் நீல வெளிச்சம்தான் எரிகிறது. ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நீல வெளிச்சத்தில் ரத்தம் கறுப்பாகத் தெரியும். எது சிவப்பணு, எது தூசு என்று பிரித்துப் பார்க்க முடியாது. நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரண்டு டியூப் லைட் இருக்கின்றன. ஒன்று ஒழுங்காக எரியும், மற்றது தனக்குத் தோன்றினால் எரியும். அந்த வெளிச்சத்தில்தான் இத்தனை வருடங்களாக ஊரின் ரத்தத்தையும் சிறுநீரையும் சளியையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பிறந்தது கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பரா அறைகளில் ஒன்றில். இப்போது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகை அறையில் இருக்கிறேன். லீவு கிடைக்கும் நாட்களில் லயத்துக்குப் போவேன். அங்கே என் அக்கா இருக்கிறாள். அவள் கொழுந்து பறிப்பவள். என்னைவிடப் புத்திசாலி. அவள் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டாள், நான் ஏன் தொடர்ந்து படித்தேன் என்று சொல்லத் தொடங்கினால் அது வேறு கதையாகிவிடும்.

என் வேலை என்னவென்று லயத்தில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. நர்ஸ் என்று நினைத்தவர்கள் உண்டு. ரத்தம் எடுத்து விற்கிறேன் என்று சொன்ன கிழவரும் உண்டு. அந்தத் தொடர் வந்த பிறகுதான் எனக்கு ஒரு மரியாதை வந்தது. வந்த வேகத்தில் போகவும் செய்தது.

தொடரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதைப் பார்க்க இன்னும் நாலு பேர் சேர்வார்கள். சென்னையிலிருந்து டிஷ் வழியாக வரும் துப்பறியும் தொடர். வாரக் கடைசியில், விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போடுவார்கள். அதில் ஒரு விஞ்ஞானி அம்மா வருவாள். வெள்ளைக் கோட்டு, விரித்த தலைமுடி, குதியுயர்ந்த செருப்பு. பிணம் கிடக்கும் இடத்துக்கு ஜீப்பில் வந்து இறங்குவாள். பிணத்தின் சட்டையிலிருந்து ஒரு முடியை இடுக்கியால் எடுப்பாள். அதை ஒரு மெசினுக்குள் போடுவாள். மெசின் கீ கீ என்று கத்தும். பால்மா விளம்பரம் ஒன்று, சவர்க்கார விளம்பரம் ஒன்று. திரும்பி வந்தால் கொலைகாரனின் முகம் திரையில் நிற்கும். இதைத்தான் எங்கள் லயத்தில் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள்.

தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தால் எங்கள் பெரிய மிஸ் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார். அந்த அம்மாவின் முடி விழுந்தே எத்தனை சாம்பிள் கெட்டுப் போயிருக்கும்! ஒருமுறையாவது ஒரு டியூப்பில் பெயர் எழுதியிருக்கிறாளா? ஒருமுறையாவது "மருந்து முடிஞ்சிருச்சு, அடுத்த கிழமை வாங்க" என்று ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாளா? எங்களிடம் ஜாம் போத்தலிலும் சாராயப் போத்தலிலும் சிறுநீர் கொண்டுவருகிறார்கள். கழுவாத ஜாம் போத்தலில் கொண்டுவந்தால் உலகத்தில் எல்லோருக்கும் சீனி வியாதிதான். இதைப் பூண்டுலோயாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு தாத்தாவுக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது, அந்த அம்மா தன் மெசினை ஒருநாளும் சந்தேகிப்பதில்லை. நாங்கள் காலையில் வந்ததும் முதல் வேலையாக, விடை தெரிந்த ஒரு சாம்பிளை மெசினுக்குக் கொடுத்துப் பார்ப்போம். அது சரியாகச் சொன்னால்தான் அன்றைக்கு நோயாளிகளின் ரத்தம் உள்ளே போகும். முதலில் நம் கையைச் சந்தேகி, பிறகு மெசினைச் சந்தேகி, அதற்குப் பிறகு நோயைப் பற்றிப் பேசு. எனக்குச் சொல்லித் தந்தது அவ்வளவுதான். நான் ஒரு நாளில் அதிகம் சொல்லும் வார்த்தை "இதை வச்சுச் சொல்ல முடியாது" என்பது. அந்த அம்மா அதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

இதையெல்லாம் நான் அக்காவிடம் கரடியாய்க் கத்தியிருக்கிறேன். அவள் கேட்பதாக இல்லை.

"ஒனக்குப் பொறாம," என்பாள். "அவ கொலையக் கண்டுபிடிக்கிறா. நீ சீனி பாக்குறவதானே?"

மச்சான் சிரிப்பார். அக்காவின் புருஷனைச் சொல்கிறேன். அதிகம் பேசாத மனிதர். தொடரில் ஆட்கள் ஓடும்போது மட்டும் நிமிர்ந்து பார்ப்பார், மற்ற நேரம் மகளின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருப்பார். "சீனி பாக்குறவ" என்பது எங்கள் வீட்டில் எனக்கு வைத்த பட்டப்பெயர். அந்த நாட்களில் எனக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அக்கா தொடரைப் பார்ப்பதோடு நிற்கவில்லை. அதைப் பாடமாகப் படித்தாள். யாருடைய கோழி தொலைந்தாலும் இறகை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிந்து எனக்கு அனுப்பினாள். பக்கத்துக் காம்பராவில் கறிச்சட்டி காணாமல் போனபோது மூடியைத் துணியால் பிடித்துத் தூக்கி, கைரேகை அழியாமல் பஸ்ஸில் கொண்டுவந்தாள். ஆய்வுகூட வாசலில் நின்று "இது யாரு கைன்னு பாரு" என்றாள். வரிசையில் நின்ற சனம் சிரித்தது. மூடியில் இருந்தது மீன் குழம்பு.

ஒரு தடவை, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் காஸ் சிலிண்டரைத் திருடிவிட்டார்கள். அக்கா வேலைக்குப் போகாமல் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகளைப் பார்க்கும் அம்மா தரையைத் துடைக்க வந்தபோது துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்தாள். "தொடாதீங்க, கழுவாதீங்க, பொலிஸ் வர்ற வரைக்கும் எல்லாம் இருந்த மாதிரியே இருக்கணும்." தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்து அதட்டியும் அசையவில்லை. கடைசியில் பொலிஸ்காரர் இருவர் சேற்றுச் சப்பாத்தோடு வந்து அந்தத் தரை முழுக்க நடந்துவிட்டுப் போனார்கள். அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தத் தொடர் எங்கள் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்த விஞ்ஞானம் மொத்தமும் இந்த இரண்டு சொல்தான். தொடாதே, கழுவாதே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொடரில் எங்களைப் போன்ற ஆட்கள் வராமல் இல்லை. வருவோம். வேலைக்காரியாக வந்து சந்தேகத்தில் அடி வாங்குவோம், இல்லையென்றால் முதல் காட்சியிலேயே பிணமாகக் கிடப்போம். ஒரு வாரம் கண்ணாடி போட்ட ஒரு விஞ்ஞானியே கொலைகாரனாக வந்தான். ஆய்வுகூடத்தில் செய்த விஷத்தைத் தேத்தண்ணியில் கலந்துவிட்டான். அதற்கடுத்த வாரம் நான் ஊற்றிக்கொடுத்த தேத்தண்ணியைப் பக்கத்துக் காம்பரா அம்மா குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். ஒன்று கடவுள், இல்லையென்றால் கொலைகாரன். சம்பளத்துக்கு வேலை செய்து கண் நோக வீட்டுக்குப் போகும் ஒரு விஞ்ஞானியை அவர்கள் இதுவரை காட்டியதில்லை.

மச்சானுக்குத் தோட்டத்தில் வேலை குறைந்த நாட்களில் வெளியே மரக்கறித் தோட்டங்களுக்குப் போவார். எங்கள் பக்கம் லீக்ஸும் உருளைக்கிழங்கும் கோவாவும்தான். பூச்சி மருந்து அடிப்பதற்கு ஆள் கூப்பிடுவார்கள். மருந்து டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு பாத்தி பாத்தியாக நடக்க வேண்டும். அன்றைக்குப் போகும்போது, டாங்கி ஒழுகுகிறது, முதலாளியிடம் சொன்னால் துணியை வைத்துக் கட்டு என்கிறார் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அக்காதான் அவர் மூக்கையும் வாயையும் மூடிப் பழைய சேலைத் துணியைக் கட்டி அனுப்பினாள்.

வெயில் ஏறிய பிறகு முதலாளி தொலைபேசியில் சொன்னாராம், "ஒன் புருஷன் மருந்தக் குடிச்சிட்டான், வந்து கூட்டிட்டுப் போ" என்று. அதற்குள் கூட வேலை செய்த இருவர் அவரைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கே வந்துவிட்டார்கள். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை. சட்டையின் முதுகுப் பக்கம் மருந்தில் ஊறித் தோலோடு ஒட்டியிருந்தது.

நான் அங்கே இல்லை. பக்கத்துக் காம்பரா அம்மா பிறகு எனக்குச் சொன்னதுதான் இது. அந்த அம்மா ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார். "சட்டையக் கழட்டு புள்ள, மேலுக்கு ஊத்துவோம், வாடை தாங்க முடியல" என்றிருக்கிறார். அக்கா குறுக்கே விழுந்து தடுத்திருக்கிறாள். குடித்துவிட்டான் என்று முதலாளி பொய் சொல்கிறார், டாங்கி ஒழுகியதற்கு இந்தச் சட்டைதான் சாட்சி, இதைக் கழுவினால் எல்லாம் போய்விடும். அவள் நினைத்தது இதுதான். நினைத்ததில் பொய் ஒன்றும் இல்லை. "யாரும் தொடக்கூடாது. ஆஸ்பத்திரியில டொக்டர் பாக்கட்டும், பொலிஸ் பாக்கட்டும்" என்று கத்தியிருக்கிறாள். அந்த அம்மா மீறிக் கிட்டே போனபோது வாளியைக் காலால் எத்தியிருக்கிறாள். தண்ணீர் வாசல் இஸ்தோப்பு முழுக்க ஓடியிருக்கிறது.

பாதையில் மண் சரிந்திருந்ததால் ஓட்டோ மேலே வர நேரமாகிவிட்டது. அவ்வளவு நேரமும் அந்தச் சட்டை அவர் உடம்பில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஓட்டோவிலிருந்து அவரை இறக்கியபோது நான் ஓடிப் போனேன். நாலடி தள்ளி நிற்கும்போதே மருந்து நெடி மூக்கில் ஏறியது. அந்த வகை மருந்து தோல் வழியாக உள்ளே போகும். முதல் வேலை துணியைக் கழற்றுவது, இரண்டாவது வேலை கழுவுவது. இது எங்கள் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைப்பவருக்கும் தெரியும். நர்ஸ் கத்தரிக்கோலால் சட்டையை வெட்டிக்கொண்டே சத்தம் போட்டாள்.

"ஏன் இத இவ்வளவு நேரம் போட்டு வச்சிருந்தீங்க?"

அக்கா நிமிர்ந்து நின்று சொன்னாள். "கழட்ட விடல மிஸ். எல்லாம் இருந்த மாதிரியே இருக்கு."

அவள் அதைச் சொன்னபோது முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன்.

அவர் இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்து இறந்துபோனார்.

பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது அக்கா, நர்ஸ் வெட்டிப்போட்ட சட்டையை எடுத்துக் கட்டிவைத்திருந்த பையை மேசைமேல் வைத்திருக்கிறாள். பொலிஸ்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு "ஏக எப்பா" என்று சிங்களத்தில் சொல்லித் தள்ளிவிட்டார். அது வேண்டாமாம். முதலாளியும் அவருடைய ஆட்களும், காலையிலேயே இவன் மனம் சரியில்லாமல் இருந்தான், போத்தலை எடுத்துக் குடித்ததைக் கண்ணால் கண்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கூட வேலை செய்த இருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு நாளைக்கும் அங்கே வேலை வேண்டும்.

பிரேதப் பரிசோதனை செய்த டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். எப்போதும் தூங்காதவர்போல இருப்பார். எனக்கு அவரைத் தெரியும் என்பதால் போய்க் கேட்டேன். குடித்ததா, தோல் வழியாகப் போனதா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

"வாட்டிலை வயித்தைக் கழுவிப்போட்டினம், பிள்ளை. அது செய்ய வேண்டிய வேலைதான். உயிரைத்தானே முதல்ல பாக்கோணும்," என்றார். "கொழும்புக்கு அனுப்பியிருக்கு. மருந்து இருக்கெண்டு அவை சொல்லுவினம். எந்த வழியாப் போனதெண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது. முதுகுத் தோல் வெந்து கிடக்கு, அதை எழுதியிருக்கிறன்."

கொஞ்ச நேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "உடுப்பை எப்ப கழட்டினவை?"

"இங்க வந்த பிறகுதான் டொக்டர்."

அவர் குழாயை மூடவில்லை. "உங்கட அக்காவுக்குச் சாப்பாடு குடுங்கோ, பக்கத்தில இருங்கோ. அவ கேக்கிற கேள்வியளுக்கு மறுமொழி சொல்ல வெளிக்கிடாதேங்கோ," என்றார்.

அந்த மனிதரைத் தொடரில் நடிக்கவைத்தால் முதல் வாரத்திலேயே எடுத்து எறிந்துவிடுவார்கள். தெரியாது என்று சொல்லும் டொக்டரை யார் பார்ப்பார்கள்?

மச்சான் குடித்துத்தான் செத்தார் என்று லயத்தில் பேசத் தொடங்கினார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேசினார்கள், கோயிலில் பேசினார்கள். அக்காவுக்கும் அவருக்கும் சண்டையாம். இல்லை, அவருக்கு ஏதோ வியாதியாம், என் மெசினில் தெரிந்ததாம், நான் மறைத்துவிட்டேனாம். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை அக்காவின் மகளிடம் "ஒங்கப்பா ஒங்கள வேணாம்னுதான் மருந்து குடிச்சாரு" என்று சொல்லிவிட்டது. பிள்ளை வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை. அக்காவுக்கு வழக்கும் முதலாளியும் அதற்குப் பிறகு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் தன்னையும் மகளையும் விட்டுவிட்டுத்தான் போனாரா, இல்லையா?

எங்கள் வழக்கப்படி கருமாதி அன்று, செத்தவர் கடைசியாக உடுத்தியிருந்த துணியை ஆற்றில் விட்டுவிட வேண்டும். அக்கா தர மறுத்துவிட்டாள். பெரியவர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். துணி வீட்டில் இருந்தால் ஆளும் வீட்டை விட்டுப் போகமாட்டான் என்று பயமுறுத்தினார்கள். "இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். சட்டையைப் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி அலுமாரிக்கு மேலே வைத்திருந்தாள்.

ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்தாள்.

"நான் ஒண்ணும் செய்யல. கழுவல, தொடல, காத்துகூடப் படல," என்றாள். "மெசின்ல போட்டுப் பாத்துச் சொல்லு. அவரு குடிச்சாரா?"

என்னிடம் அப்படி ஒரு மெசின் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியிலும் இல்லை. பையைத் திறந்தபோது சட்டை முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் வேறு என்ன ஆகும்? அதுவும் எங்கள் ஊர்க் குளிரில், வெயிலைக் காணாத காம்பராவில். காயவைத்துக் கடதாசியில் சுற்றியிருக்க வேண்டும். தொடரில் பிளாஸ்டிக் பைதான் காட்டுவார்கள், உள்ளே இருப்பது திரையில் தெரிய வேண்டுமே! அந்தச் சட்டையில் யாராலும் இனி எதையும் பார்க்க முடியாது. உலகத்தில் எந்த மெசினாலும் முடியாது.

ஆனால் எனக்குப் பதில் தெரியும். மெசின் இல்லாமலே தெரியும். மச்சான் குடிக்கவில்லை. இதைச் சொன்னால் அவருக்கு விடுதலை. அக்கா முட்டாள் அல்ல. அப்படியென்றால் எப்படிப் போனது என்று அடுத்த கேள்வி கேட்பாள். அதற்கும் எனக்குப் பதில் தெரியும். ஒன்றைச் சொன்னால் மற்றதும் கூடவே வரும். சொல்லாவிட்டால் அந்த மனிதர் பெண்டாட்டி பிள்ளையைத் தவிக்கவிட்டுப் போன ஆளாகவே இருப்பார்.

அந்தத் தொடரை எழுதுகிறவர்கள் அன்றைக்கு என் கையில் கிடைத்திருந்தால் கிழித்திருப்பேன். ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு, விளம்பரத்துக்கு நடுவில் ஒரு வசனம் எழுதுகிறார்கள். தொடாதே, கழுவாதே. பிணத்துக்கு எழுதிய வசனம் அது. உயிரோடு இருக்கிறவனுக்கு அது பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துபோகும்? எங்களுக்கு வேறு யாரும் எதையும் சொல்லித் தருவதில்லை. மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை மச்சானால் வாசிக்கவும் முடியாது.

சட்டையை வைத்துக்கொண்டு அவளைக் கொஞ்ச நாள் கழித்து வரச்சொன்னேன். வந்த அன்று அவளை ஆய்வுகூடத்துக்கு உள்ளேயே கூட்டிப்போனேன். வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டேன், எல்லாப் பொத்தானையும் போட்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொடரில் வரும் அந்த அம்மாவைப் போல நடித்தேன்.

"அவரு குடிக்கல அக்கா. மூச்சு வழியா ஏறியிருக்கு. லயத்துக்கு வரும்போதே எல்லாம் முடிஞ்சிருச்சு. யாராலயும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது."

"மெசின்ல தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சு."

அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுதாள். லயத்துக்குப் போய் ஒவ்வொரு காம்பராவாக ஏறி இறங்கிச் சொன்னாள், தங்கச்சி மெசினில் போட்டுப் பார்த்துவிட்டாள், அவர் குடிக்கவில்லை என்று. மகளை மடியில் வைத்துச் சொன்னாள். லயமும் நம்பியது. கோட்டுப் போட்டவள் சொன்னால் நம்பத்தானே பழகியிருக்கிறார்கள்! அதற்கடுத்த அமாவாசைக்குச் சட்டையை ஆற்றில் விட்டோம். பூஞ்சணம் பிடித்த சட்டை நீரில் விரிந்து, கல்லில் கொஞ்சம் தங்கி, பிறகு போய்விட்டது. பல வருடப் படிப்பில் நான் கற்றுக்கொண்ட எல்லாவற்றையும் மீறிச் சொன்ன ஒரு பொய், நான் கொடுத்த அத்தனை உண்மையான ரிப்போர்ட்டுகளையும்விட உதவியாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது. அதற்காக வருத்தப்படவும் இல்லை.

அடுத்த மழைக்காலம் வந்தது. அக்கா கொஞ்சம் தேறியிருந்தாள். தொடரை மறுபடி பார்க்கத் தொடங்கியிருந்தாள். நான் லயத்தில் இருந்த ஒரு ஞாயிறு, நானும் அவளும் மட்டும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பணக்காரன் செத்துக் கிடக்கிறான். தற்கொலை என்கிறது பொலிஸ். விஞ்ஞானி அம்மா ஜீப்பிலிருந்து இறங்குகிறாள். அவனுடைய குளிர்கோட்டை மோந்து பார்க்கிறாள். கோட்டின் உள்துணியில் பூச்சி மருந்தை ஊறவைத்திருக்கிறார்கள். ரிமோட்டைத் தேடினேன். அது அக்காவின் மடியில் இருந்தது.

விஷம் வாயால் போகவில்லை, தோல் வழியாகத்தான் போயிருக்கிறது என்று அந்த அம்மா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள். கோட்டை உடனே கழற்றி உடம்பைக் கழுவியிருந்தால் இவர் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார் என்றாள்.

இத்தனை வருடமாக வாயைத் திறந்தால் பொய்யாகக் கொட்டியவள். அன்றைக்கு மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் உண்மையைச் சொன்னாள்.

விளம்பரம் போனது. அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"நீ மூச்சு வழின்னுதானே சொன்ன?"

"ஆமா."

"நான்தானே மூக்குக்குத் துணி கட்டி அனுப்புனேன்."

"துணிக்கெல்லாம் அந்த மருந்து நிக்காது அக்கா."

"அப்ப சட்டைக்கு?"

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "டீவில சொல்றதெல்லாம் பொய்க்கா. எத்தன வருஷமாச் சொல்றேன் ஒன்கிட்ட! அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தோல் வழியால்லாம் அப்பிடி ஏறாது. நான் மெசின்ல பாத்தேன், நான்தானே பாத்தேன்?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நீ சீனி பாக்குறவ," என்றாள். "ஒனக்கு என்னா தெரியும்?"

திரையில் ஒரு தாய் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றிச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். மழை இஸ்தோப்பில் தெறித்துக்கொண்டிருந்தது.

"வாளி நெறயத் தண்ணி இருந்துச்சு," என்றாள். "நான்தான் எத்திவிட்டேன்."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. விளம்பரம் முடிந்து தொடர் திரும்ப வந்தது. கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.